வேலைக்குப் போன ஹவ்வா

கற்பிட்டிப் பக்கத்து எங்கள் எத்தாளையில் ஹவ்வா என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி பிறந்த ஹவ்வா, மற்றவள் வேலைக்குப் போன ஹவ்வா. முதலாமவள் அலியாரின் மனைவி. பிறந்ததும் வளர்ந்ததும் வாழ்க்கைப்பட்டதும் இந்த ஊரில்தான். பிள்ளை பெறப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிர அவள் பெரிதாக எங்கும் போனவளில்லை. இரண்டாமவளின் உண்மையான பெயர் ஸாஜிதா. அது வீட்டோடு கிடந்த பெயர். இறால் கம்பனியின் பஸ் விடியற்காலையில் சந்தியில் வந்து நின்று ஹோர்ன் அடிக்கும்போது, உள்ளே இருக்கும் பெண்கள் ஜன்னலால் தலையை நீட்டி, "ஹவ்வா, ஓடி வா!" என்றுதான் கத்துவார்கள். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். அடுத்த வீட்டு ஆணத்தில் உப்புக் கூடினால்கூட வீதியில் நின்று கதைக்கிற எங்கள் ஊர்க்காரர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை மன்னாரை விட்டு வெளியேறச் சொன்னபோது ஸாஜிதா சின்னப் பிள்ளை. வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கி, ஆலங்குடாவில் கிடுகுக் கொட்டில்களுக்குள் ஒதுங்கிய சனத்தோடு அவளும் ஒதுங்கினாள். கொண்டு வந்தது உடுத்திருந்த உடுப்பு மட்டும். பிறப்புச் சாட்சிப் பத்திரம் மன்னாரில், வீட்டு அலுமாரிக்குள் கிடந்தது. அந்த அலுமாரிக்கு என்ன நடந்ததென்று யாருக்கும் தெரியாது. வளர்ந்து ஆளானதும் மீன்பிடியோடு அலியார் அப்போது குத்தகைக்குச் செய்த தோட்டத்துக்கு மிளகாய் ஆயக் கூலிக்கு வருவாள். அப்படித்தான் ஹவ்வாவோடு பழக்கம். ஹவ்வா அவளுக்கு அக்கா முறையில் ராத்தா, அலியார் மச்சான் என்று முறையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு கலியாணம் முடித்து எத்தாளையிலேயே குடியானாள்.

இறால் கம்பனிக்குப் பெண்பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடியவளை, அடையாள அட்டை இல்லாமல் ஏலாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்திரம் இல்லாதவளுக்கு அட்டை எங்கிருந்து வரும்? அழுதுகொண்டு வந்து நின்றவளிடம் ஹவ்வா தன் அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"எனக்கெதுக்கு புள்ள இது? நான் எங்க போகப்போறன்? வோட்டுப் போடக்கொள்ள மட்டும் கொண்டுவந்து தா. மத்த நாளெல்லாம் நீயே வெச்சிக்க."

அட்டையில் இருந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் முக்காட்டுக்குள் ஒரு மூக்கும் இரண்டு கண்ணும் தெரிந்தன. எங்கள் பக்கத்துப் பெண்கள் யாருடையதாகவும் அது இருக்கலாம். கம்பனிக்காரர்கள் அதற்குமேல் உற்றுப் பார்க்கவில்லை. உள்ளே போனால் தொப்பியும் முகமூடியும். முகம் யாருக்கு வேண்டும்?

பிறகு சமாதான காலத்தில் மன்னாருக்குப் போய், பத்திரம் தேடியெடுத்து, தன் பெயரிலும் ஓர் அட்டை எடுத்தாள்தான். ஆனால் அதற்குள் ஹவ்வாவின் பெயரில் வருஷங்கள் ஏறிவிட்டன. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து, கம்பனியும் தன் பங்கைப் போட்டு, வயதான காலத்துக்கென்று அரசாங்கத்தில் கட்டுகிற சேமலாப நிதியும் ஹவ்வாவின் பெயரில்தான் ஏறிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் பார்ப்போம் என்று தள்ளித் தள்ளி, இருபத்தைந்து வருஷம் போய்விட்டது.

ஐஸ் தண்ணிக்குள் கை வைத்து வைத்து விரல் மூட்டெல்லாம் விறைத்துப்போயின. காலையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. ஆகவே போன கச்சான் காற்றுக் காலம் தொடங்கிய கையோடு கம்பனிக்கு ஸலாம் சொல்லிவிட்டு, ஆலங்குடாக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் குசினி வேலைக்குச் சேர்ந்தாள். நாங்கள் சபிக்கிற கச்சான் காற்றுக்காகவே காசு கொடுத்து வெள்ளைக்காரர்கள் வந்து தங்கி, பட்டம் கட்டிக்கொண்டு கடலில் ஓடுகிற இடம் அது. அங்கே கொடுத்தது தன்னுடைய சொந்த அட்டை. முதல் தடவையாகச் சொந்தப் பெயரில் வேலை.

அதில் ஒரு சிக்கல் வந்தது. "ஸாஜிதா அக்கா, தேங்காப்பால் எடுங்க" என்று கூப்பிட்டால், இவள் பாட்டுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பாள். வேலைத்தலத்தில் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பழக்கமில்லை. அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று குசினிக்குள் முடிவு கட்டிவிட்டார்கள். அவளும் அதை மறுக்கப் போகவில்லை.

ஹோட்டலில் சம்பளக் கணக்குப் பார்க்கிறவள் எமிலியா. தலவில பக்கத்துப் பிள்ளை. கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம். ஒருநாள் பகல் சாப்பாடு முடிந்து ஓய்ந்த நேரம் ஸாஜிதாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எல்லாரும் பழைய சேமலாப நிதி நம்பர் தந்துட்டாங்க. நீங்க மட்டுந்தான் மிச்சம்."

"எனக்கு அப்பிடி ஒண்டும் இல்ல மிஸ்."

"இல்லாம எப்பிடி? நீங்க இறால் உரிக்கிறதப் பாத்துட்டு, இது பழைய கம்பனிக் கை எண்டு குசினி மாஸ்டரே சொன்னாரு. வேலை மாறினா பழைய கணக்கில கிடக்கிற காசப் புதுக் கணக்கோட சேர்த்துடணும் அக்கா. இல்லாட்டி வயசு போன நேரத்தில நீங்கதான் ரெண்டு பக்கமும் அலையணும். ஒரு போம் நிரப்பினாச் சரி. நான் செஞ்சு தாறன்."

ஸாஜிதா கதவைச் சாத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். எமிலியா பேனையைக் கீழே வைத்தாள்.

"மாதாவே! நான் கேக்கவும் இல்ல, நீங்க சொல்லவும் இல்ல. சரியா?"

"சரி மிஸ்."

எமிலியாவுக்கு மனம் கேட்கவில்லை. சற்றுப் பொறுத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அந்த ராத்தாவுக்கு எத்தின வயசு?"

"அம்பது தாண்டிட்டு."

"ரெண்டு ஆள்ட காச ஒண்டாக்க ஏலாது அக்கா. அது நடக்காத விஷயம். ஆனா பொம்பளைக்கு அம்பது தாண்டினா எடுக்கலாம். அவ விண்ணப்பம் போட்டா அவட பேங்குக்குக் காசு வரும். பொறகு அவ ஒங்களுக்குத் தரணும்." அவள் ஸாஜிதாவின் முகத்தைப் பார்த்தாள். "தருவாவா?"

"தருவா" என்றாள் ஸாஜிதா உடனே.

"இன்னொண்டு. பழைய போம்ல இருக்கிற கையெழுத்தும் இப்ப அவ போடுறதும் ஒண்டா இருக்கணும். பழசப் போட்டது யாரு?"

"நான்தான்."

எமிலியா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தருவா என்று வாய் உடனே சொல்லிவிட்டது. ஆனால் பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்வி ஸாஜிதாவைக் குத்திக்கொண்டே வந்தது. காசு கையில் வந்து என்ன செய்ய என்பது வேறு யோசனை. அவளுடைய புருஷன் அஸ்மின் மரக்கறி லொறி ஓட்டுகிறவன். நல்ல மனிதன்தான், ஆனால் வீட்டில் காசு இருக்கிறது என்று மோப்பம் பிடித்தால் லொறிக்கு நாலு டயர் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். அவளுக்கு வேண்டியது காசு அல்ல. உழைத்த வருஷங்கள் தன் பெயரில் ஓரிடத்தில் கிடக்க வேண்டும். கை முழுக்க விறைத்துப்போகிற காலத்தில் மகளிடம் போய்ப் பனடோலுக்குக் காசு கேட்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஹவ்வா வீட்டுக்கு அவள் போனபோது அஸர் தொழுகை முடிந்திருந்தது. முற்றத்து மணலைக் கச்சான் அள்ளி அள்ளிக் கதவில் எறிந்துகொண்டிருந்தது. அலியார் வீட்டிலேயே இருந்தார். மேற்குக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் களப்புப் பக்கம் வலை போடுகிறவர், இந்த முறை அதற்கும் வழியில்லை. படகு இயந்திரம் பழுதாகி, கழற்றிக் கொண்டுவந்து குசினிச் சுவரோரம் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லோரும் அதில் கால் தட்டிக்கொண்டார்கள்.

ஸாஜிதா சொல்லச் சொல்ல ஹவ்வா ரொட்டி சுட்டுக்கொண்டே கேட்டாள்.

"அவ்வளவுதானே? எப்ப போகணும் செல்லு. எனக்கு பஸ்ல போனா வயித்தப் பிரட்டிச் சத்தி வரும், எலுமிச்சங்காய் ஒண்டு எடுத்துட்டு வாறன்."

"ஒங்களுக்குக் கரச்சல் ராத்தா."

"என்ன கரச்சல்? இரி, தேத்தண்ணி ஊத்துறன்."

அலியார் வாசலில் இருந்து இருமினார். அவர் இருமினால் பேச்சு வரப்போகிறது என்று பொருள்.

"தங்கச்சி, ஒரு வீட்ட வாடகைக்குக் குடுத்தா மாசாமாசம் வாடகை வரும். பேர வாடகைக்குக் குடுத்தா ஒண்டும் இல்லயா?"

ஹவ்வா ரொட்டியைத் திருப்பாமல் அப்படியே நின்றாள். "இங்க பாருங்க, அந்தக் கதய எடுக்காதீங்க."

"எடுப்பன். இவ்வளவு காலம் எடுக்கல்ல. தங்கச்சி, எங்கட சமுர்த்தி நிவாரணத்த வெட்டினாங்களே, அது ஏனெண்டு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது மச்சான்."

"கேக்கப் போனன். ஒங்கட பொஞ்சாதி கம்பனில வேல செய்றாவே, அவட பேருக்குக் காசு கட்டுப்படுதே, ஒங்களுக்கெதுக்கு நிவாரணம் எண்டு கேட்டாங்க. நான் என்ன செல்ல ஏலும்? அது வேற ஆள் எண்டு செல்லியிருந்தா ரெண்டு பேரும் உள்ளுக்குப் போயிருப்பீங்க. வாயப் பொத்திட்டு வந்தன். அண்டக்கி இருந்து இண்டக்கி வரைக்கும் ஒரு அரிசி மணி எங்களுக்கில்ல. சுனாமி வந்திச்சு, கொரோனா வந்திச்சு, சாமான் வெலை ஏறிச்சு, எல்லாருக்கும் குடுத்தாங்க. எங்களுக்கு மட்டும், ஒங்கட வீட்ல சம்பளம் வருது எண்டாங்க. எங்கட மவன் ஸப்வான் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்தில்லாமப் போனான்."

"வாய வெச்சிட்டு சும்மா இரிங்க!" ஹவ்வாவின் சத்தம் உயர்ந்தது.

"நான் பொய்யா செல்றன்? பொய்யெண்டா செல்லு."

அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் ஹவ்வாவுக்குக் கோபம்.

ஸாஜிதா எழுந்து நின்றாள். "அல்லாவறிய எனக்குத் தெரியாது மச்சான். ராத்தா ஒருநாளும் செல்லல்ல. பாதிய நீங்க எடுத்துக்கங்க. முழுசா எடுத்தாலும் நான் ஒண்டும் செல்லமாட்டன்."

வெளியே போகும்போது இயந்திரத்தில் அவளுடைய காலும் தட்டியது. ஊற்றிய தேத்தண்ணி அப்படியே ஆடை படர்ந்து கிடந்தது.

ஹவ்வா சண்டை பிடித்தால் அலியாருக்குச் சுகம். நாலு வார்த்தை அவள், நாலு வார்த்தை இவர், பிறகு சோறு. அவள் பேசாமல் இருந்தால்தான் அவருக்குப் பயம். அன்றிலிருந்து அவள் பேசவில்லை. நேரத்துக்குச் சோறு வந்தது, மீனாணம் வந்தது, ஆணத்தில் உப்பும் சரியாகத்தான் இருந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. ஸாஜிதாவும் அந்தப் பக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஹோட்டலில் மிஞ்சிய தேங்காய்ப்பூவோ எலுமிச்சையோ ஒரு பையில் போட்டுக்கொண்டு வருகிறவள், வேலி ஓரத்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

ஹவ்வாவுக்கு ஆசையே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். குசினிக்குள் போகும்போதும் வரும்போதும் அந்த இயந்திரம் அவளுடைய காலில்தான் தட்டியது. களப்புக்குள் ஒரு நடை போய்வந்தால் வீட்டில் கறிக்குக் கவலை இல்லை. அதுவும் தன் பெயரில் கிடக்கிற காசு. ஒரு கையெழுத்துப் போட்டால் வந்துவிடும், கேட்க ஆளில்லை. கேட்க வேண்டியவளே, எடுத்துக்கங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாள் அவள் அதை நினைத்தாள். மூன்றாம் நாள் பகல் அலியாருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் கேக்கிறதுக்குப் பதில் செல்லுங்க. அவ பாதி குடுத்தா எடுப்பீங்களா?"

"எடுப்பன். ஏன் எடுக்கப்படாது?"

"அத வெச்சு எஞ்சின் செஞ்சு, மீன் புடிச்சு, கொண்டுவந்து என்னட்டத் தருவீங்க. நான் ஆக்கித் தருவன். எனக்குத் தொண்டைல இறங்குமா?"

அலியார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நீங்க பட்டது எனக்குத் தெரியும். நானும்தான் பட்டன். சமுர்த்தி போனது அவ செஞ்ச குத்தமில்ல, நான் குடுத்த அடையாளக் காட். அவட முகத்தப் பாத்து ஒருநாளும் நான் அதச் செல்லல்ல. ஏன் தெரியுமா? அவ அங்க தண்ணிக்குள்ள நிண்ட நேரமெல்லாம் நான் இங்க நெருப்புக்கு முன்னால இருந்தன். பனிக்காலத்தில பஸ் ஹோர்ன் கேக்கும். நான் திரும்பிப் படுப்பன். என்ட பேரக் கூப்பிடுறாங்க, நான் போர்த்திட்டுப் படுத்திருக்கன். அந்தக் காசுல நான் எதச் செல்லி எடுக்குற?"

"எல்லாம் சரி. நான் ஏன் செல்லப்படாது? நான் மனுஷனில்லயா?" என்றார் அலியார். குரல் இறங்கியிருந்தது.

"செல்லுங்க. செல்லிட்டீங்கதானே. இப்ப சோத்தத் திண்ணுங்க."

அன்று பின்னேரமே ஹவ்வா ஸாஜிதாவின் வீட்டுக்குப் போனாள். ஸாஜிதா வாசலில் நின்று கூட்டிக்கொண்டிருந்தாள். ராத்தாவைக் கண்டதும் கையிலிருந்த ஈர்க்குமாறு அப்படியே நின்றது.

"என்ன பாக்குற? கையெழுத்துக் காட்டித் தா" என்றாள் ஹவ்வா.

"ராத்தா, மச்சான்..."

"மச்சானுக்குச் சோறு குடுத்துட்டுத்தான் வாறன். நீ காட்டு."

ஸாஜிதாவுக்கு அழுகை முட்டியது; ஆனாலும் சிரிப்பும் வந்துவிட்டது. முற்றத்து மணலைக் கையால் தடவிச் சமப்படுத்தினாள். ஒற்றை ஈர்க்கை எடுத்து, குந்தியிருந்து எழுதினாள். இருபத்தைந்து வருஷம் சம்பளப் புத்தகத்தில் போட்ட கையெழுத்து. ஒரே இழுப்பில் ஹவ்வா உம்மா என்று ஓடி, கடைசியில் வால் ஒன்று கீழால் வளைந்து வந்து, முதலெழுத்தில் முட்டி நின்றது.

"அடி ஆத்தே! என்ட பேருக்கு இவ்வளவு வடிவா?" என்று வாயில் கை வைத்தாள் ஹவ்வா. அவளுடைய சொந்தக் கையெழுத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளையுடையது. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே நிற்கும். அதையும் அவள் வருஷத்தில் ஒருமுறை போட்டால் அதிசயம்.

அவள் எழுதினாள். கச்சான் வந்து அழித்தது. திரும்ப எழுதினாள்.

"வால நல்லா இழுங்க ராத்தா. பயப்படாதீங்க."

"என்ட பேர நானே கள்ளக் கையெழுத்துப் போடப் பழகுறன். இத எந்த ஊர்ல கண்ட?"

மணலில் கை படிந்தபிறகு கடதாசியில் எழுதினார்கள். அடுத்து வேலைப் பாடம். விண்ணப்பம் கொடுக்கிற கந்தோரில் ஏதும் கேட்டால் சொல்ல வேண்டுமே! இறாலின் தலையைக் கிள்ளுவது, ஓட்டை உரிப்பது, முதுகில் ஓடுகிற கறுப்பு நரம்பை அறுந்துபோகாமல் இழுத்தெடுப்பது, எல்லாவற்றையும் ஸாஜிதா சொல்லச் சொல்ல ஹவ்வா ஓதுகிற பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னாள். நடுவில் ஒருதரம், "காலையில இருந்து பொழுது படுகிற வரைக்கும் நிண்டுட்டேயா?" என்று கேட்டாள்.

"ஓம் ராத்தா. நிண்டுட்டே."

அதற்குப் பிறகு ஹவ்வா பகிடி விடவில்லை.

புத்தளத்துத் தொழில் கந்தோருக்குப் போகிற நாளில் அலியாரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சந்தியில் வந்து நின்றார். "பொம்பளைகள் ரெண்டு பேர் தனியப் போறதா? தொணைக்கு ஒரு ஆம்புள வேணாமா?" என்றார். கூப்பிட்டது யார் என்று ஹவ்வா கேட்கவில்லை. பாலாவிச் சந்திவரை எலுமிச்சங்காயை மணந்துகொண்டே போனாள்.

கந்தோரில் சனம் நிறைந்திருந்தது. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு மூவரும் சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸில் பிரட்டிய வயிறு இன்னும் அடங்காமல் ஹவ்வா ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் இருந்தவர் ஒரு சிங்கள ஐயா. கண்ணாடி போட்ட, சாந்தமான மனிதர். தமிழும் நன்றாகப் பேசினார். கோப்பைப் புரட்டிவிட்டுத் தலையை நிமிர்த்திக் கூப்பிட்டார்.

"ஹவ்வா உம்மா!"

"ஓம் சேர்!" என்று எழுந்து நின்றாள் ஸாஜிதா.

எழுந்தது மட்டுமா? இரண்டடி முன்னாலும் போய்விட்டாள். அந்தப் பெயரைக் கேட்டால் அவளுடைய கால் தானாக எழும்பும். இருபத்தைந்து வருஷப் பழக்கம். ஹவ்வா ஒரு கணம் தாமதித்துத்தான் எழுந்தாள். இப்போது மேசைக்கு முன்னால் இரண்டு ஹவ்வா நின்றார்கள். ஐயா கண்ணாடிக்கு மேலால் இருவரையும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஹவ்வாவா?"

ஹவ்வாவுக்கு வால் போட்ட கையெழுத்துக்கூட மறந்துபோயிற்று. அப்போதுதான் அலியார் வாங்கிலிருந்து எழுந்து வந்து, ஸாஜிதாவின் முக்காட்டு நுனியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"நீ இரி தங்கச்சி. கூப்பிட்டது ஒன்ட ராத்தாவ." ஐயாவின் பக்கம் திரும்பினார். "தொணைக்கு வந்தவ சேர். காது கொஞ்சம் மந்தம். யாரக் கூப்பிட்டாலும் எழும்பிடுவா."

ஐயா கோப்பை ஹவ்வாவின் பக்கம் திருப்பிக் கையெழுத்துக் கேட்டார். ஹவ்வா பிஸ்மி சொல்லிப் போட்டாள். எழுத்து ஒழுங்காக ஓடியது. வால் மட்டும் முதலெழுத்தில் முட்டாமல் பக்கத்தில் போய் நின்றது. அவர் பழைய கையெழுத்தையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன வேலை செஞ்சீங்க அங்க?"

"இறால் உரிக்கிற சேர். தலையக் கிள்ளி, ஓட்ட எடுத்து, நரம்ப இழுக்குற. ஐஸ் தண்ணிக்குள்ள, நிண்டுட்டே."

ஐயா பின்னால் நின்ற ஸாஜிதாவைப் பார்த்தார்.

"நீங்க? நீங்களும் அந்தக் கம்பனியில வேலை செஞ்சவங்களா?"

ஸாஜிதா கைகள் இரண்டையும் அபாயாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இல்ல சேர். நான் ஒருநாளும் வேலைக்குப் போனதில்ல. வீட்டிலதான். வேலைக்குப் போனது இவதான்."

அது அவள் வாயிலிருந்து தெளிவாக, நடுங்காமல் வந்தது. காது மந்தமான பெண்ணுக்கு இந்தக் கேள்வி மட்டும் எப்படிக் கேட்டது என்று ஐயா கேட்கவில்லை. முத்திரையை எடுத்துக் குத்தினார்.

வெளியே வந்ததும் ஹவ்வா மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். ஸாஜிதா அழவில்லை. ராத்தாவின் முதுகைத் தடவிக்கொண்டு, "முடிஞ்சிதானே ராத்தா, எல்லாம் முடிஞ்சிதானே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அலியார் கடைக்குப் போய் மூன்று இஞ்சிப் பிளேன்டீ வாங்கி வந்தார். ஒன்றை ஸாஜிதாவிடம் நீட்டினார்.

"தங்கச்சி, அந்த வாடகைக் கதய நான் கதைக்கல்ல எண்டு வெச்சிக்க."

"ஏன் மச்சான்? நீங்க செல்லினது நியாயந்தானே. எஞ்சினுக்காவது..."

"வேணாம். நீ அங்க நிண்டு, நான் வேலைக்கே போனதில்ல எண்டு செல்லக்கொள்ள எனக்கு வெக்கமாப் போயிட்டு. எஞ்சினுக்கு நான் வேற வழி பாக்கிறன். குடி, ஆறப்போகுது."

இந்த முறை அவள் தேத்தண்ணியை முழுவதும் குடித்தாள்.

கச்சான் ஓய்ந்து, வெள்ளைக்காரர்கள் பட்டங்களைச் சுருட்டிக்கொண்டு போன பிறகுதான் காசு ஹவ்வாவின் வங்கிப் புத்தகத்தில் விழுந்தது. எமிலியாவிடம் விசாரித்து ஸாஜிதா கற்பிட்டியில் ஏற்கனவே ஒரு கணக்குத் திறந்து வைத்திருந்தாள். வட்டி சேராத கணக்கு. அறுபது வயதுவரை தொட முடியாது. அஸ்மினுக்கு இதைச் சொன்னபோது, "தொட ஏலாத காசு என்னத்துக்கு?" என்று கேட்டானாம். "அதுக்குத்தான்" என்றாளாம் இவள்.

வங்கியில் சந்தைநாள் கூட்டம். மேசையில் இருந்தவன் றிஸ்மின், எத்தாளைப் பள்ளிவாசல் பக்கத்துப் பையன். ஹவ்வாவின் புத்தகத்தையும் ஸாஜிதாவின் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"இவ்வளவு காசையும் இவவுக்கு மாத்துறீங்களா ராத்தா? காசு விழுந்த கையோட? காரணம் ஒண்டு எழுதணும். கடனா, காணி வாங்கினீங்களா?"

ஸாஜிதா ஹவ்வாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். கடன் எண்டு செல்லுங்க ராத்தா என்று மெல்லிய குரலில் சொன்னாள். ஹவ்வா அந்தக் கையை விலக்கிவிட்டு மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டாள். ஊரைவிட்டு எங்கும் போகாத அந்த மனுஷி, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எழுது மவன். இது கடனுமில்ல, காணியுமில்ல. இவட காசு. இருவத்தஞ்சு வருஷம் ஐஸ் தண்ணிக்குள்ள நிண்டு இவ ஒழச்ச காசு. என்ட பேர்ல கிடந்திச்சு, அவ்வளவுதான்."

வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். றிஸ்மின் அக்கம்பக்கம் பார்த்தான்.

"அப்பிடியெல்லாம் எழுத ஏலாது ராத்தா."

"அப்ப நீ என்னத்தையும் எழுதிக்க. நான் செல்லிட்டன்."

அவன் ஏதோ எழுதினான். ஹவ்வா தன்னுடைய தாளில் கையெழுத்திட்டாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துகள் வாலில்லாமல் தனித்தனியே நின்றன. பிறகு றிஸ்மின் மற்றத் தாளை ஸாஜிதாவின் பக்கம் தள்ளி, இடத்தைக் காட்டினான். பேனையைப் பிடிப்பதற்கே அவளுடைய விரல்கள் மடங்க மறுத்தன. இரண்டு கையாலும் அதைச் சரிப்படுத்திக்கொண்டு குனிந்தாள்.

ஹவ்வா அவளுடைய காதோரம் சாய்ந்தாள்.

"பாத்துப் போடு புள்ள," என்றாள். "ஒன்ட பேரப் போடு."